வழித்துணையும் சுற்றமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



முகூர்த்த மாதங்களில் காஞ்சிபுரத்துக் காந்தி சாலையில் காலைப்பொழுதில் நிற்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். வெளியூர் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் பதினைந்து, இருபது பேர் இறங்குவர். திருமணப் பட்டெடுக்க வந்தவர்கள் அவர்கள். பெண் வீட்டார் முன்வரிசையிலும் பிள்ளை வீட்டார் பின்வரிசையிலுமாகப் புறப்பட்ட வண்டி அது. காலையில் ஒருவர் பேச்சை ஒருவர் எடை போட்டுக்கொண்டு வந்தவர்கள், நண்பகலில் ஒரே பாயில் அமர்ந்து ஒரே சேலையின் இரு முனைகளைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கின்றனர். மாலையில் காமாட்சியம்மன் சன்னதியில் ஒருவர் குழந்தையை இன்னொருவர் தூக்கி வைத்திருப்பார். ஊர் திரும்பும் வண்டியில் யார் எந்த வரிசை என்பது எவருக்கும் நினைவில் இராது. தாலி கட்டும் நாள் பின்னால் வரலாம். சம்பந்தம் அந்த வண்டியிலேயே ஏற்பட்டுவிடுகிறது.

கூடிச் செல்லும் பயணத்தின் இன்பம் யாது என்று கேட்போருக்கு இந்தக் காட்சியே முதல் விடையாகும். காணும் இடங்களின் அழகு அதன் ஒரு பகுதியே. உடன் வருவோர் வேறொருவராக மாறுவதைக் காண்பதும், அவர் கண்ணில் தாமும் வேறொருவராக மாறுவதும் அதனினும் பெரிய இன்பம். ஆயினும் கூடிச் சென்றோர் எல்லாரும் சுற்றமாகிவிடுவதில்லை. ஒரே பேருந்தில் நாள்தோறும் செல்வோர் ஆண்டுக்கணக்கில் பெயரறியாமலே இருப்பதும் உண்டு. அவ்வாறாயின் உடன் செல்வோரைச் சுற்றமாக்குவது எது? இவ்வினாவுக்குக் காஞ்சியும் காஞ்சியைச் சுற்றிய தமிழும் தரும் விடைகளைத் தொகுத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

சுற்றத்தோடு வந்த பாணன்

தமிழில் பயணத்திற்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆனது. கச்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனுக்கு வழிகாட்டுவது. உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின், காஞ்சிக்கு வரும் பழைய வழி கற்றோர் கைக்கு மீண்டும் வந்து சேர்ந்தது எனலாம்.

இப்பாட்டில் எதிர்ப்படும் பாணன் தனியனல்லன். அவனோடு பசித்த சுற்றமும் உண்டு. பரிசு பெற்று மீளும் பாணன் அவனுக்கு வழி சொல்லும்போது ஒவ்வொரு நிலத்திலும் கிடைக்கும் உணவையும் சேர்த்தே சொல்கிறான். எயிற்றியர் குடிசையில் தேக்கிலையில் குவித்த புல்லரிசிச் சோறும் உலர்ந்த இறைச்சியும் கிடைக்கும். கோவலர் இருக்கையில் பாலும் தினைச்சோறும் கிடைக்கும். முல்லை நிலத்தில் வரகுச்சோறும் அவரையும், மருதத்தில் வெண்ணெல் சோறும் கோழிப் பொரியலும் கிடைக்கும். அவன் சொல்லும் உணவு ஒருவனுக்கன்று, உடன் வரும் அத்தனை பேருக்கும் உரியது. உப்பு வணிகரின் வண்டி வரும் இடமும் அவ்வாறே. வண்டியின் மேல் கோழிக்கூடு இருக்கிறது, சிற்றுரல் தொங்குகிறது, குழந்தையை உடைய பெண் எருதை ஓட்டுகிறாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவதன்று அந்தப் பயணம். வீடே புறப்பட்டுவிட்ட பயணம்.

முடிவில் கச்சி வருகிறது. இளந்திரையன் செய்யும் முதற்காரியம், பாணனின் கந்தையை நீக்கிப் பாலாவி போன்ற நுண்ணூல் ஆடையை உடுத்தச் செய்வது. அதிலும் பாணன் ஒருவன் மட்டும் உடுப்பதில்லை. அவனுடைய பெருஞ்சுற்றம் முழுவதும் ஒருசேர உடுக்கிறது. பின்னர், பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பார்த்து, மன்னன் தானே நின்று உண்பிக்கிறான். ஆடைக்குப் பெயர்பெற்ற நகரத்தைப் பற்றிய பழம்பாட்டில், ஆடை கூட்டத்திற்கெனக் கொடுக்கப்படுவது கருதத்தக்கது. தலைவனை மட்டும் உயர்த்திப் பிறரைப் புறத்தே நிறுத்தும் கொடை அங்கே கொடையாகக் கருதப்படவில்லை.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஆற்றுப்படையில் பேசுபவன் போய் வந்தவன். பெற்ற செல்வத்தோடு அவன் பேசாமல் தன்வழியே போயிருக்கலாம். எதிரே வருவோன் அவனுக்கு உறவினனல்லன். தொழிலால் போட்டியாளன் என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் அவன் நிற்கிறான், வழி சொல்கிறான், எங்கே அஞ்ச வேண்டும், எங்கே அஞ்ச வேண்டா, எங்கே யாழை மீட்டி இறைவனை வாழ்த்திவிட்டு நடக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் சொல்கிறான். திருவெஃகாவில் அவ்வாறு வாழ்த்திச் செல்லுமாறு சொல்லும் பகுதியும் இப்பாட்டில் உண்டு. போய் வந்தவன் போகாதவனுக்குக் கடன்பட்டவன் என்பதே ஆற்றுப்படை என்னும் வகையின் அடிப்படை. பயணம் வீடு திரும்பியதும் முடிவதில்லை, சொல்லப்படும்போதே நிறைவெய்துகிறது.

இடைகழி இரவு

அதே திருவெஃகாவில் பொய்கையாழ்வார் தோன்றினார் என்பது வைணவ மரபு. பூதத்தாழ்வார் கடல்மல்லையினர்; பேயாழ்வார் மயிலையினர். மூவரும் தொண்டைநாட்டவரே எனினும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மூவரும் தனித்தனியே நடந்து திருக்கோவலூருக்கு ஓர் இரவில் வந்து சேர்கின்றனர். பெருமழை. ஓர் இல்லத்து இடைகழியில் பொய்கையார் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தார் வந்து கதவைத் தட்டுகிறார். படுக்க ஒருவருக்கே இடம். அமர்ந்தால் இருவர் இருக்கலாம். இருவரும் அமர்கின்றனர். பேயார் வருகிறார். அமர இருவருக்கே இடம்; நின்றால் மூவர் நிற்கலாம். மூவரும் நிற்கின்றனர். அதன்பின் நான்காமவர் ஒருவர் தங்களிடையே புகுந்து நெருக்குவதை உணர்கின்றனர். யார் என்று காண விளக்கில்லை. பொய்கையார் பாட்டால் ஒரு விளக்கேற்றுகிறார். பூதத்தார் அன்பால் ஒரு விளக்கேற்றுகிறார். அவ்வொளியில் பேயார் காண்கிறார். நூறு நூறு பாடல்களாக மூன்று திருவந்தாதிகள் பிறந்தன.

இதனைப் பக்தியின் கதையாக மட்டும் கேட்டுப் பழகியவர்கள், பயணிகளின் கதையாகவும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அறிமுகமற்ற மூவர் ஓரிடத்தில் ஒதுங்குகின்றனர். ஒவ்வொருவர் வரும்போதும் முன்னே வந்தவர் தம் வசதியில் ஒரு பங்கை விடுகிறார். படுத்திருந்தவர் எழுந்து அமர்கிறார். அமர்ந்திருந்தவர் எழுந்து நிற்கிறார். முதலில் வந்தவர் என்னும் உரிமையை எவரும் பேசுவதில்லை. ஒளி வருவது அதன் பின்னரே. பொய்கையார் தாம் படுத்த இடத்தை விடாதிருந்தால் அவருக்கு உறக்கம் கிடைத்திருக்கும், அந்தாதி கிடைத்திராது.

ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாவது அந்தாதி. ஒன்று முடிகிற இடத்தை அடுத்ததற்கு விட்டுக்கொடுக்கும் யாப்பு அது. இடம் விட்டு நின்ற இரவில் அந்த யாப்பு மூவருக்கும் பொதுவாக வாய்த்தது பொருத்தமேயன்றோ?

பாதிப் பாட்டு

இடம் கொடுத்தலுக்கு அடுத்த படி, சுமந்து செல்லுதல். இரட்டையர் என்று போற்றப்படும் முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் புலவர்களின் வரலாற்றைத் தமிழ் கற்றோர் அறிவர். ஒருவர் நடக்க இயலாதவர், மற்றவர் பார்வையற்றவர். பார்வையற்றவர் தோளில் நடக்க இயலாதவர் அமர்ந்து வழி சொல்ல, இருவரும் தலம் தலமாகச் சென்றனர் என்பது வழிவழி வரும் செய்தி. பாட்டையும் அவ்வாறே பகிர்ந்தனர். ஒருவர் முதலிரண்டு அடிகளைப் பாட, மற்றவர் பின்னிரண்டு அடிகளைப் பாடி முடிப்பார். தில்லைக் கலம்பகம் அவர்கள் பெயரால் நிற்கிறது. காஞ்சியின் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் பாடியதே.

பாதிப் பாட்டோடு நிறுத்துவது எளிய செயலன்று என்பதைக் கவிஞர்கள் நன்கறிவர். தாம் நினைத்த முடிவு நாவில் நிற்க, வேறொருவர் அதனை வேறு திசைக்குக் கொண்டு செல்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வழி நெடுகத் தம் உடலையே அடுத்தவரிடம் ஒப்படைத்து வந்தவர்களுக்கு அது இயல்பாகக் கைவந்திருக்கும். மேடையில் மட்டும் சந்திக்கும் கவிஞர்களுக்கு அது கைவருவது அரிது.

இந்தத் தொடர்பைத் தமிழர் மட்டும் கண்டாரல்லர். சப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் சோரா என்னும் மாணவரோடு வடநாட்டை நோக்கி நடந்தார். ஏறத்தாழ ஐந்து மாதப் பயணம். தங்கிய ஊர்களில் உள்ளூர்க் கவிஞர்களோடு அமர்ந்து தொடர்பாட்டுப் பாடுவது அவர் வழக்கம். ஒருவர் பாடிய அடிகளைப் பற்றி அடுத்தவர் தொடுக்க, அதனைப் பற்றி மூன்றாமவர் தொடுப்பார். பயணம் ஊர்களை இணைத்தது; தொடர்பாட்டு ஊரில் இருந்தோரை இணைத்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய கான்டர்பரிக் கதைகளும் இதே அடித்தளத்தில் எழுந்தவை. வீரரும் துறவியரும் மாவுமில்காரரும் ஒரு விடுதியில் கூடி யாத்திரை புறப்படுகின்றனர். ஒவ்வொருவரும் வழியில் கதை சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஊருக்குள் இருந்தவரை ஒருவர் கதையை ஒருவர் கேட்டிருக்கமாட்டார்கள். வழி அவர்களைக் கேட்க வைத்தது.

ஓரிரவு இருக்கை

காஞ்சியின் தென்கிழக்கே பாலாற்றங்கரையை ஒட்டி ஓரிக்கை என்னும் ஊர் உள்ளது. ஓரிரவு இருக்கை என்பதே ஓரிக்கை என மருவிற்று என்பர். பெயருக்குப் பின்னுள்ள கதை இது. திருமழிசையாழ்வாரின் மாணவர் கணிகண்ணர். தன்னைப் பாடும்படி பல்லவ மன்னன் கேட்கிறான். மனிதரைப் பாட மறுக்கிறார் கணிகண்ணர். ஊரைவிட்டு நீங்குமாறு ஆணை பிறக்கிறது. மாணவன் போகும் ஊரில் தமக்கு என்ன வேலை என்று ஆசிரியரும் எழுகிறார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளிடம், கணிகண்ணன் போகிறான், நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்கிறார். பெருமாளும் எழுந்து பின்செல்கிறார். மூவரும் அன்றிரவு தங்கிய இடமே ஓரிக்கை. ஊர் பொலிவிழந்ததைக் கண்ட மன்னன் ஓடிவந்து வேண்ட, மூவரும் திரும்புகின்றனர். பெருமாள் மீண்டும் பாயை விரித்துக்கொள்கிறார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்னும் பெயர் அதனால் வந்தது.

கூடிச் செல்லும் பயணங்களில் எல்லாம் இதுவே மிகக் குறுகியது. சில கல் தொலைவு, ஓர் இரவு. காண்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆயினும் காஞ்சியின் நினைவில் இந்த நடை அழியாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. சொல்லின் பொருட்டு ஒருவன் வெளியேற்றப்பட்டபோது அவன் தனியே போகவில்லை. கூட்டமாகச் செல்வதன் உண்மையான சோதனை இன்பச் செலவில் தெரிவதன்று. உடன் செல்வதால் இழப்பு வரும் நாளில் யார் பாயைச் சுருட்டுகிறார் என்பதில் தெரிவது. கவிஞர் கூடும் எந்த வட்டமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சீவரத்து வழி

மேற்கூறியவை பழங்கதைகள், இன்று அத்தகைய வழி உண்டா என்று கேட்கலாம். உண்டு. ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பழைய சீவரத்திற்குப் பார்வேட்டை எழுந்தருள்கிறார். முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாசாபாத் என வழியிலுள்ள ஊர்களின் மக்கள் இரவென்று பாராமல் விழித்திருந்து எதிர்கொள்கின்றனர். பழைய சீவரத்து மலையில் திருமஞ்சனம் கண்டபின், பாலாற்றின் மறுகரையிலுள்ள திருமுக்கூடலுக்கு எழுந்தருள்கிறார். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடம் அது. அங்கே சுற்றுப்புற ஊர்களின் பெருமாள்களும் வந்து சேர, ஐவர் ஒருங்கே காட்சி தருகின்றனர்.

இப்பயணத்தில் கவனிக்கத்தக்கது, புறப்பட்ட கூட்டமும் சேர்கிற கூட்டமும் ஒன்றல்ல என்பது. சிலர் தம் ஊர் எல்லைவரை வருவர். அங்கிருந்து அடுத்த ஊரார் தொடர்வர். நீர்மோரும் புளியோதரையும் வழியோரத்தில் யாருக்கென்று கேளாமல் கொடுக்கப்படும். சிறிது தொலைவு மட்டும் நடந்தவரும் அந்தப் பயணத்தில் பங்குகொண்டவரே. எவரும் முழுவழியும் நடக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை; வழியில் எங்கும் நுழையலாம் என்னும் திறப்பு மட்டும் உண்டு.

திருமுக்கூடல் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து கல்லூரியும், மாணவர் உறைவிடமும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இயங்கியதை அது சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள், மருந்துகள் ஆகியவற்றுக்கான ஏற்பாடுகளையும் அது பட்டியலிடுகிறது. ஆறுகள் கூடிய இடத்தில் மக்கள் கூடினர்; கூடியவர்களில் நோயுற்றவருக்கும் கற்க வந்தவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. வெறும் கூட்டத்திற்கும் சுற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கல்வெட்டு விளக்குகிறது. நடக்க முடியாதவருக்கு என்ன ஏற்பாடு என்று எண்ணுகிற கூட்டமே சுற்றம்.

இவ்வேறுபாட்டைக் காஞ்சி அண்மையில் நேரிலும் கண்டது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர், 1979க்குப் பின்னர் 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை 48 நாட்கள் காட்சி தந்தார். நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் வந்தனர். ஒரே நோக்கம், ஒரே வரிசை, ஒரே நகரம். ஆயினும் அந்த வரிசையில் முன்னே நிற்பவர், பின்னே நிற்பவருக்குத் தடையாகவே தோன்றுவார். அது வந்தவர்களின் குற்றமன்று. எண்ணிக்கையின் இயல்பு அது. அந்நாட்களிலும் தம் வீட்டுத் திண்ணையில் தண்ணீர்க் குடம் வைத்துக் களைத்தவரை அமரச் சொன்ன காஞ்சி வீடுகள் உண்டு. வரிசை உறவைத் தரவில்லை, திண்ணை தந்தது.

தறியில் இருப்பவர்

இனி, எந்தப் பயணத்திலும் பேசப்படாத ஒருவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். அவர் வராதவர்.

காஞ்சியில் அவர் பெரும்பாலும் தறியில் இருப்பார். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். ஒரு பட்டுச் சேலை முடியப் பத்து நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஒருநாள் எழுந்து போனால் அந்த நாளின் நெசவு நிற்கும், கூலியும் நிற்கும். அவருடைய பிள்ளை தறியை விட்டு ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ தொழிற்சாலை வேலைக்குப் போயிருக்கக்கூடும். அந்தப் பிள்ளையை விடியுமுன் ஏற்றிச் செல்லும் பேருந்தும் ஒரு கூட்டுப் பயணமே. எனினும் அதில் எல்லாரும் உறங்கிக்கொண்டு செல்கின்றனர். இலக்கியச் சுற்றுலா என்று ஒரு வேலைநாளைக் குறித்து, ஆளுக்கு இவ்வளவு பணம் என்று அறிவிக்கும் வட்டம், இந்த இருவரையும் பெயர் சொல்லாமலே விலக்கிவிடுகிறது. விலக்கியதை அது அறிவதும் இல்லை. வீட்டுப் பொறுப்பை விட்டு இரவு தங்க இயலாத பெண் கவிஞரும், பேருந்துப் படி ஏற இயலாத முதியவரும் அவ்வாறே விடுபடுகின்றனர். பயணம் இனிதே நடந்தது என்று அறிக்கை வெளிவருகிறது. யாருக்கு இனிது என்று எவரும் கேட்பதில்லை. வட்டத்திற்குள் ஒரு சிறுவட்டம் அன்று பிறக்கிறது. அடுத்த கூட்டத்தில் போய் வந்தவர்கள் தங்களுக்குள் ஒரு நகைச்சுவையைச் சொல்லிச் சிரிக்கும்போது, போகாதவர் தம் நாற்காலியில் அயலாராகிறார். சுற்றத்தை வளர்க்க வேண்டிய பயணமே சுற்றத்தைப் பிளப்பது இவ்வாறுதான்.

இதற்கு மாற்று எங்கே கிடைக்கும்? அந்த நெசவாளரின் தொழிலிலேயே கிடைக்கிறது. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவைத் தெருவின் நீளத்திற்கு விரித்துக் கட்டும் வழக்கம் உண்டு. இருபுறமும் பலர் நின்று, நடந்து, சிக்கலை எடுத்து, அறுந்த இழையை முடிந்து செல்வர். தனியொருவரால் இயலாத வேலை அது. இன்று ஒருவர் பாவுக்கு வந்தவர் வீட்டுப் பாவுக்கு நாளை அவர் போக வேண்டும். தறியில் ஏறியபின்னும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஒவ்வோர் ஊடையும் மற்றதன் இழையைப் பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கென ஒருவர் தறியின் ஓரத்தில் அமர்ந்து கரையின் நாடாவை எறிந்து கொடுப்பார். அவ்வாறு பின்னிய இணைப்பு எளிதில் விட்டுப்போகாது. பட்டின் வழியும் நெடியது. பெரும்பாலும் நூல் கருநாடகத்திலிருந்தும், சரிகை குசராத்தின் சூரத்திலிருந்தும் பயணம் செய்து வந்தே காஞ்சியில் ஒன்றாகின்றன. இரண்டும் ஒரே பேழையில் வந்து சேர்ந்தால் மட்டும் சேலை ஆவதில்லை. ஒன்றையொன்று பற்றித் திரும்பும் இடத்திலேயே சேலை ஆகின்றன. மனிதர்க்கும் இது பொருந்தும்.

வட்டத்தின் வழி

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தொடர்ந்து கூடுவது அரிய செயல். ஆயினும் அரங்கத்தில் ஒருவர் பேசப் பலர் கேட்கின்றனர். முன்வரிசையும் பின்வரிசையும் மாறாமல் இருக்கின்றன. வழியில் அந்த வரிசை கலைகிறது. மூத்த புலவருக்குச் செருப்பு அறுந்தால் இளைய கவிஞர் தம்முடையதைத் தருகிறார். மேடையில் ஒருவர் கவிதையைக் கடுமையாகத் திறனாய்ந்தவர், அவருடைய உணவுப் பொட்டலத்தில் பாதியை வாங்கி உண்கிறார். பின்னர் அவர் சொல்லும் குறை காயப்படுத்துவதில்லை. சொல்ல வேண்டிய குறையைச் சொல்லாமல் விடவும் அவர் அஞ்சுவதில்லை. ஒரு வட்டத்தில் உண்மையான திறனாய்வு வளர இந்த நம்பிக்கையே உரம்.

ஆகவே, வட்டங்கள் பயணம் மேற்கொள்ள வேண்டும். அதனைக் காஞ்சி காட்டிய வழியில் மேற்கொள்ள வேண்டும். நாளைக் குறிக்குமுன், அந்த நாளில் யாருக்குக் கூலி போகும் என்று கேட்க வேண்டும். அவருக்கு ஏற்ற நாளே வட்டத்துக்கும் ஏற்ற நாள். செலவை ஆளுக்கொரு பங்கெனப் பிரிக்காமல், இயன்றவர் கூடுதலாக இடும் பொது உண்டியலாக வைக்கலாம். யார் எவ்வளவு இட்டார் என்பது பொருளாளர்க்கு மட்டும் தெரிந்தால் போதும். தொலைவான ஊர்தான் வேண்டும் என்பதில்லை. திருவெஃகாவிலிருந்து ஓரிக்கைவரை ஒரு மாலையில் நடக்கலாம். அங்கே பாலாற்றங்கரையில் அமர்ந்து ஒருவர் இரண்டடி பாட, மற்றவர் இரண்டடி பாடி முடிக்கலாம். சித்திரா பௌர்ணமியன்று ஐயங்கார்குளத்துக்குச் செல்லலாம். அங்கே நடவாவிக் கிணற்றின் நீரை இறைத்து, படிகளின் வழியே நிலத்தடியிலுள்ள மண்டபத்துக்கு வரதரை எழுந்தருளச் செய்யும் விழாவில் ஊராரோடு நிற்கலாம். முழுதும் நடக்க இயலாதவர் இடையில் வந்து சேரும் இடத்தை முன்னரே குறித்துவைக்கலாம். சீவரத்து வழி கற்பிக்கும் பாடம் அது.

இறுதியாக ஒன்று. போய் வந்த ஒவ்வொருவரும், வர இயலாத ஒருவரைத் தேர்ந்துகொண்டு அவர் வீட்டுக்குச் சென்று வழியைச் சொல்ல வேண்டும். மேடையில் படிக்கும் பயணக் கட்டுரை அதற்கு ஈடாகாது. திண்ணையில் அமர்ந்து, எங்கே மழை பிடித்தது, யார் பாட்டு எங்கே நின்றது, எந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள் என்பவற்றையெல்லாம் அவருக்காகவே சொல்ல வேண்டும். நின்றுபோன பாட்டின் மிச்ச இரண்டடியை அவரிடம் கேட்டு வாங்கி வர வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்தப் பாட்டு இருவர் பெயரிலும் படிக்கப்பட வேண்டும். தறியை விட்டு எழ முடியாதவரும் அப்போது அந்தப் பயணத்தில் சென்றவராகிறார்.

பெரும்பாணாற்றுப்படையின் பாணன் பரிசு பெற்றதைக் கச்சியில் எவரும் கண்டிருப்பர். புலவர் பாடியதோ, அவன் திரும்பும் வழியில் பசித்தவனைக் கண்டு நின்ற அந்த நேரத்தை. பத்தாண்டு கண்ட வட்டம் அடுத்த பத்தாண்டுக்குப் புறப்படும் இந்நாளில், வாயிலில் யாரேனும் நனைந்து நிற்கிறாரா என்று பார்த்துப் படுத்திருப்பவர் அமரட்டும். அமர்ந்திருப்பவர் எழுந்து நிற்கட்டும்.